குழாய்களும் குரலும்: கிரேஞ்ச்மவுத்தில் ஒரு பகல்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறுவார்கள், நேரம் இருந்தால் ஹைலேண்ட்ஸ் பக்கம் பஸ் பிடிப்பார்கள். நான் கிரேஞ்ச்மவுத் போகிறேன் என்றதும் தங்கியிருந்த வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். "அங்கே என்ன இருக்கிறது? பெட்ரோல் கம்பெனிதானே?"

அதேதான். அந்தப் பெட்ரோல் கம்பெனி ஊரிலிருந்துதான் காக்டோ ட்வின்ஸ் என்ற இசைக்குழு வந்தது.

கனவில் மிதப்பது மாதிரியான பாப் இசைக்கு ட்ரீம் பாப் என்ற பெயரே இவர்களை வைத்துத்தான் பரவியது என்று சொன்னால் பெரிதாக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ராபின் கத்ரியும் வில் ஹெக்கியும் 1979-இல் ஆரம்பித்த குழு. ஊரில் 'நாஷ்' என்று சொல்லப்பட்ட டிஸ்கோவில் கத்ரி இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே ஆட வந்த பெண் எலிசபெத் ஃப்ரேசர். நன்றாக ஆடுகிறாளே, பாடவும் செய்வாள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்குப் பதினேழு வயது. கூட்டத்தில் ஆடிய ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் அப்படியொரு குரல் கிடைக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

கிரேஞ்ச்மவுத்துக்கு ரயில் கிடையாது. பயணிகள் ஸ்டேஷனை 1968-லேயே மூடிவிட்டார்கள். எடின்பரோ வேவர்லியிலிருந்து ஃபால்கிர்க் கிரஹாம்ஸ்டன் வரை அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும், அப்புறம் பஸ். நான் இடையில் கெல்பீஸ் சிலைகளுக்காக இறங்கிவிட்டேன். கால்வாய் ஓரமாக 30 மீட்டர் உயரத்துக்கு இரண்டு குதிரைத் தலைகள், முழுக்க எஃகுத் தகடு. ஆண்டி ஸ்காட் செய்தது, 2013-இல் நிறுத்தினார்கள். முன்பு கால்வாயில் படகு இழுத்த குதிரைகளுக்கான மரியாதை அது. ஆனால் பெயரைக் கதைகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கெல்பி என்றால் குதிரை உருவத்தில் கரையில் நிற்கும் நீர்ப்பேய். ஆசைப்பட்டு முதுகில் ஏறினால் ஆளை அப்படியே தண்ணீருக்குள் கொண்டுபோய்விடும்.

அந்த இடத்தில் நின்று நான் போட்டது ஃப்ரேசர் 1983-இல் 'திஸ் மார்ட்டல் காயில்' என்ற கூட்டுக்குழுவின் பெயரில் பாடிய 'சாங் டு தி சைரன்' பாட்டு. டிம் பக்லி இசையமைத்து லாரி பெக்கெட் வரிகள் எழுதியது, மாலுமிகளைப் பாடி இழுக்கும் கடல் மோகினியைப் பற்றியது. கத்ரியின் கிடாரும் ஃப்ரேசரின் குரலும்தான், கிட்டத்தட்ட வேறொன்றும் இல்லை. டேவிட் லிஞ்ச் இதைத் தன் படம் ஒன்றில் வைக்க ஆசைப்பட்டு, உரிமைத்தொகை கட்டுப்படியாகாமல் விட்டார். அதற்குப் பதிலாக ஆஞ்சலோ படலமென்டியிடம் புதிதாக ஒரு பாட்டுக் கேட்க, அதைப் பாட ஜூலி க்ரூஸ் வந்தார். காசில்லாததால் இன்னொரு பேய்க்குரல் நமக்குக் கிடைத்தது. சில சமயம் பட்ஜெட் பற்றாக்குறையும் நல்லதுதான்.

கெல்பீஸிலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். வீடுகள் தாழ்வாக, ஒழுங்காக இருக்கின்றன. எந்தத் தெரு முனையில் திரும்பினாலும் கூரைகளுக்கு மேலே புகைபோக்கிகள். 1924-இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டது. பக்கத்தில் எத்திலீன் ஆலை இன்னும் ஓடுகிறது. நான் வேலிப் பக்கம் போனபோது ஃப்ளேர், அதாவது வேண்டாத வாயுவை எரித்துவிடும் உயரமான குழாய், எரிந்துகொண்டிருந்தது. தூரத்தில் பார்க்க மெழுகுவர்த்திச் சுடர் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது. கிட்டே போனால் சத்தம்: சீறல் என்று சொல்ல முடியாது, இரைச்சல் என்றும் இல்லை, இரண்டுக்கும் அடியில் ஒரு தொடர்ந்த உறுமல். ஃபோர்த் கழிமுகத்திலிருந்து 'ஹார்' என்று இவர்கள் சொல்லும் கடல்மூட்டம் ஏறி வந்ததில் குழாய்களின் மேல்பாதி காணாமல் போய்விட்டது, உறுமல் மட்டும் மிச்சம்.

1982-இல் வந்த முதல் ஆல்பம் 'கார்லண்ட்ஸ்' எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ரசிகர்கள் அதைக் கொஞ்சம் ஒதுக்கித்தான் வைப்பார்கள். இருட்டு, வறட்சி, டிரம் மெஷினின் விடாத தட்டல். காதில் அது, வெளியே ஆலை. எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. கத்ரி கிடாரை கோரஸ், டிலே, ஃபஸ் என்று ஒலியை மாற்றும் பெட்டிகளுக்குள் ஒன்றன் பின் ஒன்றாக விட்டு, தந்தியை மீட்டினால் வரும் முதல் சத்தத்தையே மழுங்கடித்துவிடுவார். பின்னால் நீளும் அதிர்வுதான் நம்மிடம் வந்து சேரும். இந்த இசையைத் தேவலோகம், மேகம், தேவதை என்றெல்லாம் எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு இனி அப்படிக் கேட்காது. அது தொழிற்சாலைச் சத்தத்தோடு வளர்ந்த காது செய்த இசை.

கடைத்தெருவில் ஒரு கஃபேயில் ஒதுங்கினேன். சூப் கொண்டுவந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும்.

"ஆலை வேலையாக வந்தீர்களா, தம்பி?"

காக்டோ ட்வின்ஸ் என்றேன். சிரித்துவிட்டார். நாஷுக்கு அவரும் போவாராம்.

"அவள் பாடுவதில் ஒரு வார்த்தை விளங்காது. உங்களுக்கு விளங்குமா?"

"எனக்கும் விளங்காது. உச்சரிப்பு பழகாததால் என்று நினைத்திருந்தேன்."

"எங்கள் ஊர் உச்சரிப்பேதான். எங்களுக்கும் விளங்கியதில்லை."

ஃப்ரேசர் தனக்குத் தெரியாத மொழிகளின் அகராதிகளிலிருந்து சொற்களைப் பொறுக்கிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். சில இடங்களில் சொல்லே இல்லை, வெறும் ஒலி. ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் பெரிய அதிர்ச்சி ஏதும் இல்லை. என்னை ஆட்டுவது வேறு: ஒரே குரலை இரண்டு மூன்று தடம் பதிவுசெய்து, ஒன்று தாழ்ந்து முணுமுணுக்கும்போதே இன்னொன்றை மேலே ஏற்றிவிடுவார். மேலே போகும் குரல் சில சமயம் விக்கி உடைவதைப் போலிருக்கும்; உடையாது. 1990-இல் வந்த 'ஹெவன் ஆர் லாஸ் வேகாஸ்' ஆல்பத்தில் சொற்கள் ஓரளவு தெளிகின்றன. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கும் கத்ரிக்கும் பெண் குழந்தை பிறந்திருந்தது. பலருக்கு அதுதான் உச்சம். நான் 1986-இன் 'விக்டோரியாலேண்ட்' கட்சி. அண்டார்டிகாவின் ஒரு பகுதியின் பெயர், டிரம் கிட்டத்தட்டக் கிடையாது, பாஸும் இல்லை. சிலர் அதைத் தூக்க மாத்திரை என்பார்கள், சொல்லட்டும்.

நாஷ் இருந்த இடத்தை நான் போய்த் தேடவில்லை. நடந்த தெருக்களில் குழுவின் பெயரையும் எங்கும் பார்க்கவில்லை. ஊருக்கு இப்போது வேறு கவலைகள். ஆலையில் வேலை போனவர்களைப் பற்றித்தான் கஃபேயில் மற்ற மேசைகளிலும் பேச்சு.

போக நினைத்தால் காலையிலேயே கிளம்பி, ஃபால்கிர்க்கிலிருந்து கெல்பீஸ் வரை பஸ், அங்கிருந்து நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று தடுக்கும் ஜாக்கெட் கட்டாயம். சத்தத்தை அடியோடு அடைத்துவிடும் இயர்போன் மட்டும் வேண்டாம், சாதாரணமானது போதும். ஆலைப் பக்கம் 'கார்லண்ட்ஸ்', திரும்பும் ரயிலில் 'விக்டோரியாலேண்ட்'. அரை மணியைக் கொஞ்சம் தாண்டும் ஆல்பம், வேவர்லி வருவதற்குள் முடிந்துவிடும்.