சத்தம் எப்படிண்ணே வருது?

பிக்கப் வண்டியின் முன்பக்கச் சத்தத்துக்கு ஒரு குணம். ஊர் முழுக்கக் கத்திக்கொண்டே வரும். பட்டறை வாசலை மிதித்ததும் அதிகாரி வந்த நாள் வகுப்பறை மாதிரி கப்சிப். மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு இரண்டு சுற்று போனாலும் வாயைத் திறக்காது. வேறு வழியில்லாமல் வண்டிக்காரரே வாயால் போட்டுக் காட்டுவார்: "சின்னப் பள்ளத்துல டக்டக். ஸ்டியரிங்கை ஒடிச்சா க்ரீச். பிரேக் போட்டா டொம்."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்று படித்தோமே, எந்தச் சத்தம் என்று தெரியாமல் வண்டியைப் பிரித்தாலும் அதே கதைதான்.

ஸ்பேனரை எடுக்குமுன் கேபினைக் காலி செய்யுங்கள். சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், டிபன் கேரியர் எல்லாம் கீழே. பேட்டரி கிளாம்ப்பையும் ஆட்டிப் பாருங்கள். லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) மாற்றியும் போகாத சத்தம் கடைசியில் டிபன் கேரியருக்குள் இருந்த ஸ்பூனாக இருந்தால் யார் முகத்தில் விழிப்பது?

பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது டக்டக், இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடை ஏறும்போது அமைதி என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராட் மேல். வண்டி சாயாமலிருக்க இடது வலது சக்கரப் பக்கங்களை இணைக்கும் கம்பி ஸ்டெபிலைசர் பார், அதன் நுனியில் கோக்கும் சின்னத் தண்டு லிங்க் ராட். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் பார் முறுக்கப்படாது, லிங்க்குக்கும் வேலையில்லை. அதே பள்ளத்தில் பிரேக்கை லேசாக மிதித்தபடி போனால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் சஸ்பென்ஷனை (குலுக்கலைத் தாங்கும் பாகங்களை) விடுங்கள், பிரேக் பேடும் அதை அழுத்தும் காலிப்பரின் ஊசியும்தான் ஆடுகின்றன. பிரேக் போட்டதும் ஒரே ஒரு டொம் என்றால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது ஆர்ம் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்து ரப்பர். அங்கே ஒன்றுமில்லை என்றால் கேபினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள். கேபின் சேஸிஸில் (வண்டிச் சட்டத்தில்) இடிப்பதும் கீழிருந்து வருவது போலவே கேட்கும்.

டி-மேக்ஸ், ஹைலக்ஸ் மாதிரி டபுள் விஷ்போனும் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம்) காயில் ஸ்பிரிங்கும் (சுருள் வில்) உள்ள வண்டியில் பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் சக்கரப் பக்கத்தைக் கோக்கும் உருண்டை மூட்டு) பார்க்கும்போது பலர் ஏமாறுவது ஜாக்கி வைக்கும் இடத்தில். சேஸிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே அழுத்தி வைத்திருக்கும், தேய்ந்த ஜாயின்ட்டும் நல்லபிள்ளை மாதிரி நிற்கும். பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, லோயர் ஆர்மின் நுனிப்பக்கம் ஜாக்கி வைத்து, சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரல் எழும்பும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். பாதுகாப்புக்குச் சேஸிஸ் அடியில் ஸ்டாண்டு. டயருக்கு அடியில் லீவரை விட்டு நெம்பும்போது ஜாயின்ட் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால் அதன் காலம் முடிந்தது. அடுத்து டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக் மிதிக்கட்டும். மிதித்ததும் நின்றுவிட்டால் வீல் பேரிங். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங் கம்பியின் நுனி மூட்டு.

க்ரீச் சத்தத்துக்கு நம் ஊர் மருந்து பழைய இன்ஜின் ஆயில். நாலு நாள் மௌனம் நிச்சயம். ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊறி, குழைந்து, ஐந்தாம் நாள் முதல் வேறு ராகம். அதற்குப் பதில் ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து வண்டியை அமுக்கிப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் ஆள். ஸ்டெபிலைசர் பாரைக் கவ்வும் ரப்பராக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் போதும். வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

லிங்க் ராட் மாற்றுவது சுலபம். நட்டைத் திருகும்போது தண்டும் கூடவே சுற்றும், அதன் நுனியில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். நைலான் வளையம் உள்ள பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள், கழன்று வந்து பழைய டக்டக்கையே பாடும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷில்தான் சங்கதி இருக்கிறது. ரப்பர், உள்குழாய், வெளிக்குழாய் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியவை. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் சேஸிஸோடு பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் அசையும்போதெல்லாம் முறுக்கிக்கொள்வது ரப்பர்தான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் கழுத்துப் பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி நிரந்தரமாகத் திருகியே நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும், பழி டூப்ளிகேட் ஸ்பேர் மேல் விழும். அதனால் போல்ட்டைக் கையால் பொருத்தி, வண்டியை இறக்கி, நாலு தரம் அமுக்கி, முன்னும் பின்னும் உருட்டி, முழு எடை ஆர்ம் மேல் உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். கடைசியாக வீல் அலைன்மென்ட்.

எல்லாம் முடிந்து வண்டி போன மறுநாளே போன் வரும்.

"அண்ணே, முன்னாடி சத்தம் சுத்தமா இல்ல. ஆனா இப்ப பின்னாடி ஏதோ கீச்சுனு..."

அது லீஃப் ஸ்பிரிங், பின்பக்கப் பட்டை வில். ரொம்ப நாளாகக் கத்திக்கொண்டுதான் இருந்தது, இந்த டக்டக் அதைக் கேட்க விடவில்லை.