எங்கள் ஊர்க்காரர் சேஷாத்ரி

செங்கல்பட்டில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி இங்கே வளர்ந்தவர் என்பதை ஆண்டுதோறும் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.

1965-இல் எம். எஸ். நரசிம்மன் என்ற இன்னொரு கணித அறிஞரோடு சேர்ந்து நிறுவிய தேற்றம் ஒன்றே அவர் பேர் சொல்லப் போதும். எனக்கென்னவோ 1989தான் பெரிது. ஐம்பத்தேழு வயதில், ஸ்பிக் உர நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் சின்னதாக ஒரு கணித ஆராய்ச்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சென்னைக் கணிதவியல் நிறுவனம். ஆராய்ச்சி செய்பவர்களே பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கும் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நம் கல்லூரிகளில் அது எவ்வளவு அபூர்வம்! 2005-இல் சிறுசேரியில் சொந்த வளாகம் வந்தது. மறு வருடம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கர்நாடக சங்கீதமும் நன்றாகப் பாடியவர் அவர்.

போன வருடம் என் மாணவி ஒருத்தி அங்கே நுழைவுத்தேர்வு எழுதினாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.