உருளைக்கிழங்கின் மேலே தூவுவது என்னவென்று கேளுங்கள்

டிசம்பர் காலையில் கிருஷ்ணகிரி பனிமூட்டத்துக்கே மங்கி குல்லா போடுகிற குடும்பம் நாங்கள். தளிக்குப் போய்விட்டு வந்து குட்டி இங்கிலாந்து என்று நாலு நாள் பேசுவோம். அப்படிப்பட்ட நானும் அம்மாவும் டிசம்பர் நடுவில் லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா என்கிற மூன்று வட ஐரோப்பிய நாடுகளின் தலைநகரங்களான வில்னியுஸ், ரீகா, தாலின் என்று ஏழு இரவுகள் போய்விட்டு வந்தோம். "ஏன்டா, உலகத்துல வேற ஊரே கிடைக்கலையா?" என்று பெங்களூரு ஏர்போர்ட் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். டிக்கெட் விலை குறைவு, அதுதான் காரணம்.

அம்மா சுத்த சைவம். முட்டை மட்டும் கேக்குக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் சம்மதம். அதனால் பையில் பருப்புப்பொடி, மாங்காய்த் தொக்கு, ஒரு கெட்டில். விசா பற்றி ஒரே வரி: மூன்று நாட்டுக்கும் ஒரே விசாதான், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் வில்னியுஸில் மூன்று இரவு போட்டதால் லிதுவேனியா. மூன்று நாட்டிலும் யூரோதான், ஊர் விட்டு ஊர் பஸ்ஸில் நாலு, நாலரை மணி நேரம், எல்லையில் எங்களை யாரும் நிறுத்தவில்லை.

இப்போது சாப்பாடு. லிதுவேனியாவில் செப்பெலினாய் என்று ஒன்று. துருவிய உருளைக்கிழங்கைப் பிழிந்து, உள்ளே பூரணம் வைத்து வேகவைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றே ஒரு கைக்கு அடங்காது. செப்பெலின் ஆகாயக்கப்பல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். பூரணம் பெரும்பாலும் பன்றிக்கறி, ஆனால் வார்ஷ்கே என்கிற, நம் உதிர்த்த பன்னீர் போன்ற பூரணம் வைத்ததும் கிடைக்கும். சரி, சைவம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக ஆர்டர் செய்தால், மேலே புளித்த கிரீமோடு பொன்னிறமாக எதையோ வறுத்துத் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா வெங்காயம் என்று நினைத்து ஸ்பூனைக் கொண்டுபோக, நான் பாய்ந்து தடுத்தேன். பன்றிக்கொழுப்பு! பூரணத்தைப் பற்றிக் கேட்ட நான் மேலே தூவுவதைப் பற்றிக் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. அதற்கப்புறம் ஒரு கடையில் காளான் சூப் கேட்டு, பாதி குடித்தபின் அது எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்தது என்று சாவகாசமாகச் சொன்னார்கள். அங்கே பல பேருக்கு மீன்கூட சைவக் கணக்கில்தான் வருகிறது. அதனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் கேட்காதீர்கள். கறி இல்லாமல் என்பதற்கு லிதுவேனியாவில் பே மெசோஸ், லாட்வியாவில் பெஸ் கல்யஸ், எஸ்டோனியாவில் இல்மா லிஹாதா. மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கூடவே மீன், கொழுப்பு, சூப்புத் தண்ணீர் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டோம். கடைக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை.

டிசம்பரில் போனதில் ஒரு லாபம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு லிதுவேனியர்கள் கூச்சியோஸ் என்று பன்னிரண்டு பதார்த்தம் வைத்துச் சாப்பிடுகிறார்கள், மீன் உண்டு, ஆனால் கறி, பால், முட்டை கிடையாது. அதற்கான குட்டி குட்டி பிஸ்கட் உருண்டைகள் டிசம்பரில் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் குவிந்து கிடக்கின்றன. அதை கசகசாப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுவார்களாம். கசகசாப் பால் என்றதும் அம்மாவுக்கு அந்த நாட்டின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ரீகாவில் எங்களுக்குப் பிடித்தது சென்ட்ரல் மார்க்கெட். முந்தாநாள் தட்டில் பார்த்த அதே செப்பெலின், இங்கே கட்டடமாக வந்தது. ஜெர்மன்காரர்கள் ஆகாயக்கப்பல் நிறுத்தக் கட்டிய கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து எழுப்பிய ஐந்து கூடங்கள், 1930இல் திறந்தது. வெளியே மைனஸ் 6, உள்ளே புளித்த முட்டைக்கோஸ் வாசனை. பீப்பாய் பீப்பாயாக ஊறுகாய், ஒரு பாட்டி ருசி பார்க்க இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார், அம்மா தமிழிலேயே "உப்பு தூக்கல்" என்றார், அந்தப் பாட்டியும் ஏதோ பதில் சொன்னார். ஹெம்ப் என்கிற கஞ்சா இனச் செடியின் விதையை அரைத்த ஒரு வெண்ணெய் இருக்கிறது, ரை என்கிற தானியத்தில் செய்த ரொட்டியில் தடவினால் எள்ளுத் துவையல் மாதிரியே. அப்புறம் ஸ்க்லாண்ட்ரவுசிஸ், ரை மாவுக் கிண்ணத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் வைத்து அடுப்பில் சுட்டது. எனக்குப் பிடித்தது, அம்மாவுக்கு இனிப்பா காரமா என்று புரியாததால் பிடிக்கவில்லை. சாம்பல் பட்டாணியை மட்டும் விட்டுவிடுங்கள், அது பன்றிக்கொழுப்போடுதான் பிறக்கிறது.

தாலினில் சூரியன் காலை ஒன்பதேகாலுக்கு வந்து மூன்று இருபதுக்குப் போய்விடுகிறது. அதனால் மதியம் சூடாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இருட்டினதும் ரூமுக்கு வந்து ரொட்டி, தொக்கு என்று முடித்துக்கொண்டோம். மத்தியானத்தில் கடை வாசலில் அன்றைய சாப்பாடு என்று போர்டு வைப்பார்கள், ராத்திரி விலையைவிடக் குறைவு. பழைய நகரத்தில் ரதஸ்கேவு தெருவில் முழு வீகன் கடை ஒன்று இருக்கிறது, அங்கே மட்டும்தான் அம்மா எதையும் கேட்காமல் சாப்பிட்டார். கல் பாவிய தெருவில் ஐஸ் உறைந்து வழுக்கும், ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை முதல் நாளே வாங்கிவிடுங்கள். நாங்கள் விழுந்து எழுந்த பிறகு வாங்கினோம்.

கடைசி நாள் காமா சாப்பிட்டோம். பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் வறுத்து அரைத்த மாவு, புளித்த மோரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஐம்பது வருஷமாகக் கேழ்வரகுக் களியும் கூழும் கிண்டிய கை, சும்மா விடுமா? அம்மா ஒரு வாய் வைத்தார்.

"வறுத்த பக்குவம் சரி. மோரும் நல்லாப் புளிச்சிருக்கு. ஆனா சர்க்கரையை எதுக்குடா போட்டான்?"

ஒரு பாக்கெட் மாவு வாங்கிவந்து, வீட்டில் உப்புப் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்துக் கொடுத்தார். அப்பா குடித்துவிட்டு, "கம்பு எந்த மில்லுல அரைச்ச?" என்றார்.