மேற்கு மூலை

ஜனவரி 3
அம்மா இன்றும் மேற்கு மூலையைத்தான் காட்டினாள். நேற்று மாலை ஒட்டடைக் கோலால் துடைத்தெடுத்த இடம்; விடிவதற்குள் அங்கே மீண்டும் நூல் ஓடியிருக்கிறது. கோலை உயர்த்தும்போதெல்லாம் தூசு விழாமலிருக்க அவள் முகத்தின்மேல் புடவையைப் போர்த்த வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 4
மருந்து அடித்ததில் அம்மாவுக்குத்தான் அரைமணி நேரம் இருமல். சிலந்தியின்மேல் நேரே பட்டாலொழிய அது சரியாக வேலை செய்வதில்லை. சுவரில் காய்ந்த மருந்தின்மேல் கால்நுனிகளை மட்டும் ஊன்றி அது நடந்து போய்விடுகிறது. இனி இந்த அறைக்குள் மருந்து கிடையாது.

ஜனவரி 6
சுவரை ஒட்டி அடுக்கியிருந்த தென்னை மட்டைகளையும் பழைய ஓடுகளையும் ஆள் வைத்து மதிலோரம் மாற்றினேன். ஓட்டைத் திருப்பிய இடத்திலெல்லாம் பஞ்சுப் பொதி போல முட்டைப் பை இருந்தது. சன்னலை உரசிய செம்பருத்திக் கிளைகளையும் வெட்டியாயிற்று. மதிலோரச் செடியில், பெருக்கல் குறி போல வெள்ளைத் தையல் போட்ட வலை நடுவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கொல்லையில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

ஜனவரி 7
மூலையில் மறுபடியும்.

ஜனவரி 9
இரவு இரண்டு மணிக்குக் காரணம் பிடிபட்டது. அம்மா இருட்டில் பயப்படுகிறாள் என்பதற்காக விடிய விடிய எரியும் வெள்ளை விளக்கு சன்னல் வழியே கொசுவையும் அந்துப்பூச்சியையும் இழுக்கிறது. இரை வரும் இடத்தில் சிலந்தி குடியேறுகிறது. நானோ வலையை மட்டும் கலைத்துக்கொண்டிருக்கிறேன். விளக்கை அணைக்க முடியாது. ஆகவே பூச்சிகள் அவ்வளவாக நாடாத மஞ்சள் பல்பை மாட்டினேன். சன்னலுக்கு வலை அடிக்கப் பொங்கல் கழித்துத்தான் ஆள் வருவாராம். அதுவரை பழைய கொசுவலையை வெட்டி ஆணியடித்திருக்கிறேன். கதவடி இடைவெளிக்குச் சுருட்டிய வேட்டி.

ஜனவரி 10
குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. வலை பின்னாமல் கரப்பான் வேட்டையாடும் இனம். அப்பளத்தை ஒளித்து எடுத்துப்போகும் குழந்தையைப் போல, தட்டையான வெள்ளை வட்டு ஒன்றை வயிற்றடியில் அணைத்திருந்தது, அத்தனையும் முட்டை. செருப்பை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். எவர்சில்வர் கிண்ணத்தால் மூடி, நாட்காட்டி அட்டையை அடியில் செருகி, கொல்லைக் கடைசியில் கொண்டுபோய் விட்டேன். கை வெகு நேரம் நடுங்கியது.

ஜனவரி 13, போகி
அம்மாவின் இடுப்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்குச் சிவப்பு. எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்திருக்கும் என்றார் பக்கத்து வீட்டு மாமி. நானும் அதை நம்பி, பழம்பாயை எரிக்கும் புகை தெருவெல்லாம் சூழ்ந்திருக்க, தலையணை உறை, கட்டில் சட்டம், மெத்தைத் தையல் என்று காலை முழுவதும் அந்தப் பூச்சியைத் தேடினேன். மாலையில் வந்த செவிலியர் விரலால் அழுத்திப் பார்த்தார், சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்று சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்களா என்று கேட்டார். ஒட்டடை அடித்த நேரங்கள் எனக்கு நினைவிருந்தன. புரட்டிய நேரங்களைச் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 14
பொங்கல் வைக்கவில்லை.

ஜனவரி 15
அம்மா திருவானைக்காவில் பிறந்தவள். லிங்கத்தின்மேல் சருகு விழாமல் சிலந்தி வலைப்பந்தல் போட்டதையும், அதை அசுத்தமென்று யானை அழித்ததையும், அந்தச் சிலந்தியே பிறகு கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததையும் இன்று விட்டுவிட்டுச் சொன்னாள். இத்தனை நாளாக மூலையைக் காட்டியது எதற்காக என்று கேட்டேன். அது பின்னுவதைப் பார்க்கச் சொன்னாளாம்.

ஜனவரி 17
ஒருக்களித்துப் படுத்திருப்பதால் மேற்கு மூலை அவள் கண்ணில் படவில்லை. அது என்ன செய்கிறது என்று கேட்டாள். நாற்காலியில் ஏறிப் பார்த்தேன். நெல்லளவு உடலும் நூல் போன்ற கால்களுமாக இருந்தது. கோல்நுனி பட்டதும், உருவமே தெரியாத வேகத்தில் வலையோடு சேர்ந்து அதிரத் தொடங்கியது. நிற்கும் வரை பார்த்துவிட்டு இறங்கினேன். நான்கு மணிக்குப் புரட்ட வேண்டும்.