பூஜ்யம் வந்தாலும் நம்பவில்லை, 31 வந்தாலும் விடவில்லை: ஆய்வேடு ஒப்படைத்த அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் கட்டத்தில் நிற்பவர்களுக்காக, அதிலும் தமிழிலேயே ஆய்வேடு எழுதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதிவு, பாடநெறித் தேர்வுகள், ஆண்டுதோறும் கூடும் ஆய்வுக்குழு, சுருக்கம் ஒப்படைத்தல் ஆகியவை எல்லாருக்கும் நடப்பதைப் போலவே எனக்கும் நடந்தன. என்னை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது ஒரே ஒரு தாள்தான்: ஆய்வேட்டில் கருத்துத் திருட்டு இல்லை என்று நூலகம் வழங்க வேண்டிய ஒப்புமைச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் தேர்வுப் பிரிவில் ஆய்வேட்டைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

என் துறை மொழியியல். கோவைப் பக்கத்து மலையடிவார ஊர்களில் பேசப்படும் இருளர் மொழியின் வினைத்திரிபு, அதாவது காலம், இடம் முதலியவற்றுக்கு ஏற்ப வினைச்சொல் மாறும் விதம், என் தலைப்பு. இருளர் மொழியில் தமிழில் இல்லாத நடு உயிரொலிகள் உண்டு. அவற்றைக் காட்ட உயிரெழுத்துகளின் மேல் இரட்டைப் புள்ளியிடுவதும், ஒலிபெயர்ப்புக்கு அனைத்துலக ஒலியியல் குறிகளைப் பயன்படுத்துவதும் இத்துறையில் வழக்கம். இந்தப் புள்ளிகள் பின்னால் எனக்குத் தந்த தொல்லையை அப்போது நெறியாளரும் எதிர்பார்த்திருக்கவில்லை, நூலகத்தாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆய்வேட்டை வேறு எழுத்துகளோடு ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு பொருந்துகிறது என்று நூலகத்தின் மென்பொருள் ஓர் அறிக்கை தரும். என் முதல் அறிக்கை பூஜ்யம் விழுக்காடு என்று வந்தது. மகிழ்ச்சியோடு சான்றிதழ் கேட்கப் போனால், கணினி முன் இருந்த பணியாளர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முந்நூறு பக்கத்துல ஒண்ணுகூடப் பொருந்தாம எப்படிம்மா இருக்கும்? என்னமோ பண்ணியிருக்கீங்க" என்றார். அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. சந்தேகத்தை என்மேல் திருப்பியதுதான் அநியாயம். ஆய்வேட்டுக்கான வார்ப்புருக் கோப்பைக் கொடுத்ததே பல்கலைக்கழகம்தான். அதில் தமிழ்ப் பகுதிகளுக்குப் பழைய பாமினி எழுத்துருவே அமைக்கப்பட்டிருந்தது; அதையே பயன்படுத்த வேண்டும் என்ற சுற்றறிக்கையும் துறைப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கும். மென்பொருள் படித்தது அந்த அரைப்புள்ளிக் குவியலை. உலகில் வேறு எதனோடும் அது பொருந்தாததில் வியப்பில்லை.

ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் ஒருங்குறியையும் (யூனிகோடு), தமிழுக்கென்றே அமைந்த டேஸ்-16 முறையையும் தமிழ்நாட்டு அரசு தரக் குறியீடுகளாக அறிவித்தது 2010இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது. அந்தக் கோவைக்கு எட்டும் தூரத்திலேயே தரவு சேகரித்த ஆய்வேட்டுக்கு, இத்தனை ஆண்டுகள் கழித்தும் பாமினி வார்ப்புரு கொடுக்கிறார்கள் என்பதை என்ன சொல்ல?

ஒருங்குறிக்கு மாற்றும் வேலை தனிக் கதை. மாற்றிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழ் மட்டுமே உள்ள பத்திகளை அவை நன்றாகவே மாற்றுகின்றன. ஆனால் தமிழுக்கு நடுவே ஒலியியல் குறிகளும் ஆங்கில மேற்கோள்களும் வந்தால், அவற்றையும் பாமினி என்று எண்ணிக்கொண்டு தமிழாக்கிவிடுகின்றன. என் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஒவ்வொன்றிலும் மூன்று வரிகள் இருக்கும்: மேலே இருளர் மொழித் தொடர், நடுவில் உருபன் பிரிப்பு (சொல்லைப் பொருள் தரும் சிறு கூறுகளாகச் சிறுகோடிட்டுப் பிரிப்பது), கீழே தமிழ்ப் பொருள். நடு வரிகள் அனைத்தையும் உட்கார்ந்து மறுபடி தட்ட வேண்டியிருந்தது. இதற்குத் தட்டச்சு நிலையத்தாரை நம்பாதீர்கள். உருபன் பிரிப்பில் ஒரு சிறுகோடு இடம் மாறினால் உங்கள் ஆய்வு முடிவே மாறிவிடும், அது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

அதன்பின் ஒரு பொறி காத்திருந்தது. ஒருங்குறியில் எழுதிய கோப்பையே பிடிஎஃப் ஆக்கும்போதும், சில மென்பொருள்கள் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கிவிடுகின்றன. 'கொள்' என்ற சொல்லில் ககரத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலும் தனித்தனியே நிற்கும். அச்சில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆகவே நூலகத்துக்கு அனுப்பும் முன், பிடிஎஃப் கோப்பில் ஏதாவது ஒரு பத்தியைத் தெரிவுசெய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சொற்கள் உடையாமல் வந்தால் மட்டுமே மென்பொருளும் ஒழுங்காகப் படிக்கும். ஒரு நிமிட வேலை. ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். முடிந்தால் வேர்டு கோப்பையே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரியாகப் படித்த மென்பொருள் அடுத்த அறிக்கையில் 31 விழுக்காடு என்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அறிவித்த விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி ஒப்படைக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியையே ஒப்படைக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பூஜ்யத்துக்கு என்னைச் சந்தேகித்த அதே மேசையில் இப்போது, "திருத்திட்டு வாங்க" என்ற இரண்டு சொற்களோடு, முதல் பக்கத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். எதைத் திருத்துவது என்று கேட்டதற்கு, சிவப்பாக இருப்பதை எல்லாம் என்று பதில் வந்தது. சிவப்பைக் காட்டும் பக்கங்களோ அவர்களிடமே இருந்தன. முழு அறிக்கையைப் பெற எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

வந்த பிறகு படித்துப் பார்த்தேன். முதல் சிவப்பு, உறுதிமொழிப் பக்கம். இந்த ஆய்வேடு என் சொந்த முயற்சி, வேறு எந்தப் பட்டத்துக்கும் அளிக்கப்படவில்லை என்று பல்கலைக்கழகம் வகுத்துத் தந்த வாசகம் அது; எல்லா ஆய்வேட்டிலும் அதே வாசகம்தான் இருக்கும். நான் திருடவில்லை என்ற உறுதிமொழியே திருட்டாகச் சிவந்திருந்தது. அடுத்து, பின்னிணைப்பில் இருந்த சுவாதேசு சொற்பட்டியல். மொழிகளை ஒப்பிட 1950களில் அமெரிக்க மொழியியலாளர் மோரிஸ் சுவாதேசு வகுத்த அடிப்படைச் சொற்கள், நான், நீ, நாம், இது, அது, யார், என்ன என்று தொடங்கி, உலகெங்கும் களமொழியியலார் அதே வரிசையில் பயன்படுத்துபவை. வரிசையை மாற்றினால் ஒப்பீட்டுக்கே வழியில்லை. பிறகு துணைநூற்பட்டியல். பிறகு மேற்கோள்கள்: "வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது / நினையுங் காலைக் காலமொடு தோன்றும்" என்ற தொல்காப்பிய நூற்பா இல்லாமல் தமிழில் வினையைப் பற்றிய ஆய்வேடு எழுதியவர் யார்? நூற்பாக்களை மேற்கோள் குறியின்றி உள்தள்ளி அச்சிடுவது நம் மரபு. மென்பொருளோ மேற்கோள் குறி இருந்தால்தான் அதை மேற்கோள் என்று ஏற்கும்.

இவை போதாதென்று, அறிக்கையின் இறுதியில் 'ஐயத்துக்குரிய எழுத்து மாற்றங்கள்' என்று ஒரு எச்சரிக்கை. ஒப்புமையை மறைக்க ஒரு எழுத்துக்குப் பதில் அதைப் போலத் தோன்றும் வேற்றெழுத்தைப் புகுத்துவோர் இருக்கிறார்கள். அதைப் பிடிப்பதற்கான வசதி அது. என் ஒலியியல் குறிகளும் இரட்டைப் புள்ளிகளும் அதில் மாட்டிக்கொண்டன. செக் நாட்டுத் திராவிட மொழி அறிஞர் கமில் சுவெலபில் 1970களில் இருளர் மொழியை விவரித்தபோதே கையாண்ட அடையாளங்கள், இங்கே ஏமாற்று வேலையாகப் பதிவாகியிருந்தன. தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் மேடம். ஆனா தாள்ல இப்படி இருக்கே" என்றார்.

நூலக வராந்தாவில் உடன் காத்திருந்தவர்களோடு பேசிய பிறகுதான், இது தமிழுக்கோ மொழியியலுக்கோ மட்டும் நேர்ந்த வினையல்ல என்று தெரிந்தது. சட்டத்துறை ஆய்வாளர் ஒருவர் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவுகளை எழுத்துப் பிசகாமல் எடுத்துக்காட்டியிருந்தார். அதைச் சொந்த நடையில் மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சட்டப்பிரிவைச் சொந்த நடையில் எழுதினால் அது எந்த நாட்டுச் சட்டம்? பொருளாதார ஆய்வாளருக்கு, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வேலைவாய்ப்பு வரையறைகள் சிக்கல். ஒரு சொல்லை மாற்றினாலும் கணக்கிடப்படும் ஆட்களே மாறிவிடுவார்கள். இயற்பியலாளருக்கு அவர் ஏற்கெனவே வெளியிட்ட சொந்தக் கட்டுரைகளே எதிரியாக வந்து நின்றன. அரியலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியக் காலப் படிவுகளில் அம்மோனைட்டுகள் என்ற அழிந்துபோன கடல் உயிரிகளின் புதைபடிவங்களை ஆராய்ந்தவர் நிலைமை இன்னும் விசித்திரம்: ஓர் இனத்தை விவரிக்கும்போது, அதற்கு முன்னர் யார் யார் எந்தப் பெயரில், எந்த ஆண்டில் குறிப்பிட்டார்கள் என்ற இணைப்பெயர்ப் பட்டியலைக் கொடுப்பது தொல்லுயிரியலில் நடைமுறை. பழைய நூல்களில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். பட்டியல் எவ்வளவு முழுமையோ, விழுக்காடும் அவ்வளவு கூடுகிறது.

ஐவரும் சேர்ந்து மானியக் குழுவின் அந்த 2018 விதிமுறைகளைத் தரவிறக்கி முழுதாகப் படித்தோம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. உரிய சான்றோடு தரப்பட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், நிலையான சமன்பாடுகள் ஆகிய எல்லாவற்றையும் விலக்கிவிட்டே ஒப்புமையைக் கணக்கிட வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரையிலான தற்செயல் ஒற்றுமையும் பொது அறிவுச் செய்தியும்கூடக் கணக்கில் வராது. மேலே சொன்ன நூற்பாவை எண்ணிப் பாருங்கள், எட்டே சீர்கள். மென்பொருளில் இதற்கெல்லாம் தனித்தனித் தெரிவுகள் உண்டு. எங்கள் நூலகத்தில் அவற்றில் ஒன்றையும் சொடுக்காமல் இத்தனை காலம் அறிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

விதி நம் பக்கம் இருந்தாலும் அதை யாரிடம் நீட்டுவது என்பது முக்கியம். மேசைப் பணியாளரோடு வாதாடுவது வீண். அவருக்கு எண்ணை மாற்றும் அதிகாரம் கிடையாது. அதே விதிமுறைகளின்படி ஒவ்வொரு துறையிலும் துறைத் தலைவரைத் தலைவராகக் கொண்ட கல்வி நேர்மைக் குழு இருக்க வேண்டும். துறைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த பேராசிரியரும், இத்தகைய மென்பொருள்களை அறிந்த ஒருவரும் அதில் உறுப்பினர்கள். எங்கள் துறையில் அது காகிதத்தில் மட்டுமே இருந்தது. நெறியாளர் வழியாகத் துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்தேன். கடிதத்தோடு விதிமுறையின் உரிய பக்கம், முழு ஒப்புமை அறிக்கை, ஒவ்வொரு சிவப்புப் பகுதிக்கும் எதிரே அது ஏன் வந்தது என்ற விளக்க அட்டவணை, ஒலியியல் குறிகளின் பட்டியல் ஆகியவற்றை இணைத்தேன். வெளித்துறைப் பேராசிரியர் கணிதத்துறைக்காரர். அட்டவணையை வரிவரியாகச் சரிபார்த்து, இரண்டு இடங்களில் மேற்கோளின் பக்க எண் விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆய்வேட்டை ஒருவர் உண்மையாகவே படித்தது அந்தக் கட்டத்தில் அதுதான் முதல் தடவை.

குழுவின் குறிப்போடு உதவி நூலகரிடம் போனதும், அவர் உரிய தெரிவுகளைப் போட்டு என் எதிரிலேயே மறுபடி ஓட்டினார். ஆறு விழுக்காடு. எழுத்து மாற்ற எச்சரிக்கைக்கு, துறைச் சார்ந்த குறியீடுகள் என்று குழு எழுதிய ஒரு வரியைச் சான்றிதழின் கீழே சேர்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அன்று கடைநிலை ஊழியர்வரை அனைவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

தேர்வுப் பிரிவில் கடைசி நேரத்தில் பதிவு நீட்டிப்பு ஆணையின் நகல் இல்லை என்றார்கள். அந்த ஆணையை வழங்கியதும் அதே பிரிவு, அதன் கோப்பு அடுத்த அலமாரியில். மானியக் குழுவின் 2022 நவம்பர் முனைவர் பட்ட விதிமுறைகளின்படி மொத்தக் காலம் ஆறு ஆண்டுகள், மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு அதற்கும் மேல் இரண்டு ஆண்டுகள். மகப்பேறு விடுப்பு 240 நாள்கள் வரை. இவற்றில் எதைப் பயன்படுத்தியிருந்தாலும் ஆணையின் இரண்டு நகல்களைப் பையிலேயே வைத்திருங்கள். புறத்தேர்வாளர்களின் அறிக்கைகளும் வாய்மொழித் தேர்வும் தடையின்றி முடிந்தன.

இன்னும் சில. சான்றிதழில் அச்சாகும் தலைப்பும் ஆய்வேட்டின் அட்டையில் உள்ள தலைப்பும் ஒற்றெழுத்துவரை ஒன்றாக இருக்க வேண்டும். வல்லினம் மிகுமா மிகாதா என்று கடைசி நாளில் மனம் மாறினால் சான்றிதழும் மாற வேண்டும். வெளியிட்ட சொந்தக் கட்டுரைகளை ஆய்வேட்டில் சேர்ப்பவர்கள், எந்த இயல் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்பதை நெறியாளரின் கையொப்பத்தோடு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இயற்பியலாளர் அப்படித்தான் மீண்டார். பட்டம் அறிவிக்கும் முன் ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகம், நாட்டின் கல்வி நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்லிப்நெட்டுக்கு அனுப்ப வேண்டும். அம்மையம் நடத்தும் ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இயல் இயலாகப் பதிவேற்றுவார்கள். இயல்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நோட்பேடு சோதனையைச் செய்து, நீங்களே குறுந்தகட்டில் போட்டுக் கொடுங்கள். வார்ப்புருவை மாற்றக் கோரி நாங்கள் ஐவரும் கொடுத்த விண்ணப்பம் தபால் பிரிவில் எண் பெற்றிருக்கிறது. இதை எழுதும்வரை பதில் இல்லை. பாமினிச் சுற்றறிக்கை துறைப் பலகையில் அப்படியே இருக்கிறது. அதை நம்பி யாரும் தட்டச்சைத் தொடங்கிவிடாதீர்கள்.