எத்தனை வருஷம் தாங்கும்?

கேலரிக்கு வந்தவர், நியூஸ்பேப்பர் ஒட்டிச் செய்த ஒரு படத்தைப் பார்த்துக் கேட்டது சாதாரணக் கேள்விதான். "இது எத்தனை வருஷம் தாங்கும்?" படங்களை மாட்டுவதும் ஃபிரேம் போடுவதும்தான் அங்கே என் வேலை. ஓனர் போனில் இருந்ததால் என்னிடம் கேட்டார். "நியூஸ்பேப்பர் சார், சீக்கிரம் பழுப்பாகும், அப்புறம் ஓரத்தில் பொடியும். யூவி கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டு வெயில் படாத சுவரில் மாட்டினால் கொஞ்சம் தள்ளிப்போடலாம்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்ப வரவில்லை.

அந்தப் படத்தைச் செய்த பெண் பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஆயில் பெயிண்டிங் வாங்க வர்றவங்ககிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களாண்ணா?" கோபமே இல்லாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் மறந்திருப்பேன்.

அவருடைய அம்மா டெய்லர். பிளவுஸ் அளவுக்கு நியூஸ்பேப்பரை வெட்டி, ஓரத்தில் பெயர் எழுதி, ஆணியில் குத்திவைத்த தாள்கள்: முன்பக்கம், முதுகு, கை. அவற்றை இந்தப் பெண் காடாத்துணியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே அக்ரிலிக் பூசி, ஓரங்களைத் தைத்திருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் அம்மாவின் சலூனில் வேலை பார்த்த ஓவியர் மார்க் பிராட்ஃபோர்டு, முடி சுருட்டும் மெல்லிய தாள்களையே கேன்வாஸில் ஒட்டியதைப் பற்றி ஆசையாகப் பேசுவார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. மரத்தை அரைத்த கூழில் செய்யும் நியூஸ்பேப்பரில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், அமிலம் சேர்ந்து நார் உடையும். சென்னையின் ஈரக்காற்று வேறு. ஃபெவிகால் காய்ந்துவிட்டால் தாளைப் பிரித்துச் சரிசெய்வதும் பெரும்பாடு. காசு கொடுப்பவருக்கு இது தெரிய வேண்டாமா?

ஆனால் ஆயில் பெயிண்டிங்கும் வெடிக்கிறது, வார்னிஷ் மஞ்சளாகிறது. அதைக் கேட்டால் மட்டும் "பார்த்துக்கிட்டா தலைமுறைக்கும் இருக்கும்" என்கிறேன். 1912இல் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சிட்ட ஆயில்கிளாத்தை ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டிய படம் இன்றும் பாரிஸில் இருக்கிறது. ஜெர்மன் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸ் ஒட்டிய டிராம் டிக்கெட்டுகள் மியூசியங்களில் இருக்கின்றன. பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 1991இல் கலைப்படைப்பாகத் தொட்டியில் வைத்த சுறா கெட்டுப்போனதும், 2006இல் வேறு சுறாவையே வைத்தார்கள். பெரிய பெயர் என்றால் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிடுகிறது. இந்தப் பெண்ணுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அடுத்த கண்காட்சிக்கு அவர் ஒட்டாமல் மீதமிருந்த தாள்களை ஸ்கேன் செய்து, பருத்திக்கூழ் காகிதத்தில் சீக்கிரம் மங்காத பிக்மென்ட் இங்க்கில் அச்சடித்துக் கொண்டுவந்தார். பசையிலும் அமிலம் கிடையாது. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஃபிரேம் போடும்போது விரலால் தடவிப் பார்த்தேன். பேனா அழுத்திய பள்ளம் இல்லை. ஆணித் துளை வெறும் கறுப்புப் புள்ளியாகிவிட்டது.

"ஒரிஜினல் எங்கம்மா?"

"டப்பாவுல போட்டு மூடி வச்சிருக்கேண்ணா. வெளிச்சம் படக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

புதியவை விற்றன. அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அவரும் வாடகை கொடுக்க வேண்டும். பழைய தொடரில் விற்காத ஒன்றைத் தவணையில் எனக்குத் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். கண்ணாடி போட்டால் அந்தப் பள்ளங்களைத் தொட முடியாது. போடாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்னும் முடிவு செய்யவில்லை.