மீற்றர் எண்ணுவது யுரேனியத்தை அல்ல

கடந்த பெரும்போகத்தில் சம்மாந்துறையில் நெல் விற்கப் போயிருந்தபோது, வாங்குபவர் ஈரப்பதன் மீற்றரின் கம்பியை மூட்டைக்குள் செருகி, திரையில் 17 என்று விழுந்ததும், 14 இருந்தால்தான் முழு விலை என்று கூறிவிட்டார். அவுஸ்திரேலியாவில் சுரங்கவியல் படித்த மருமகன் அருகில் நின்றான். "மாமா, அது தண்ணியை அளக்கல்ல. நெல்லின்ட மின் இயல்பை அளந்து தண்ணியைக் கணிக்குது. யுரேனியச் சுரங்கத்திலயும் இதே கதைதான்" என்றான். உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, நெல் விலையை விட அந்தப் பேச்சே மனதில் நின்றது.

நமீபியாவில் 1976 முதல் இயங்கிவரும் ரோசிங் திறந்தவெளி யுரேனியச் சுரங்கத்தில் தாதின் தரம், அதாவது அதிலுள்ள யுரேனிய ஒட்சைட்டின் பங்கு, ஏறத்தாழ 0.03 சதவீதமே. அப்படியானால் 180 தொன் பாறை ஏற்றிய பாரவூர்தியில் இருக்கும் யுரேனிய ஒட்சைட்டு 54 கிலோ, அதாவது ஓர் அரிசி மூட்டையை விடச் சற்று அதிகம். தாதையும் வெறும் பாறையையும் கண்ணால் பிரிப்பது கடினம்; ஒவ்வொரு சுமைக்கும் ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திருக்கவும் இயலாது. எனவே வெடிவைத்து உடைத்த பாறையை ஏற்றிய பாரவூர்தி உணரிகளின் அருகே சிறிது நேரம் நிறுத்தப்படுகிறது. காமாக் கதிர் பட்டால் மினுங்கும் சோடியம் அயடைட்டுப் பளிங்கு போன்ற உணரி எத்தனை முறை மினுங்கியது என்று எண்ணி, அச்சுமை நொறுக்கிக்குப் போவதா, குறைதரக் குவியலுக்குப் போவதா, கழிவு மேட்டுக்குப் போவதா என்று தீர்மானிக்கிறார்கள்.

ஆனால் யுரேனியம் 238 தானாக வெளிவிடும் காமாக் கதிர் மிகப் பலவீனமானது. பெரும்பாலும் எண்ணப்படுவது அது சிதைந்து ஒன்றன்பின் ஒன்றாக வேறு மூலகங்களாக மாறும் தேய்வுத் தொடரில் வெகுதூரம் கீழே வரும் பிசுமது 214 இன் கதிர்களே. இடையில் 1,600 ஆண்டு அரைவாழ்வுடைய (பாதி தேய்ந்துபோக எடுக்கும் காலம்) ரேடியமும், 3.8 நாள் அரைவாழ்வுடைய ரேடன் வாயுவும் நிற்கின்றன. நெடுங்காலம் குழப்பமின்றிக் கிடந்த பாறையில் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று சமநிலையில் இருப்பதால், பேரப்பிள்ளையை எண்ணிப் பாட்டனின் அளவைச் சொல்லிவிடலாம். நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு போய் ரேடியத்தை விட்டுவைத்த பாறையோ, ஏழையாயிருந்தும் பணக்காரனாகக் காட்டிக்கொள்ளும். உடைந்த பாறையிலிருந்து ரேடன் கசிந்துவிட்டால் கணக்கு மறுபக்கம் சாயும். போதாததற்கு, குவியலின் உட்புறத்திலிருந்து வரும் கதிரைப் பாறையே விழுங்கிவிடுவதால், உணரி பார்ப்பது வெளிப்புறப் படையை மட்டுமே. மூட்டையின் ஓரத்தில் குத்திப் பார்ப்பது போலத்தான்.

திருக்கோவில் கடற்கரையின் கறுப்பு மணலை அந்தப் பளிங்கின் முன் வைத்தால் என்னவாகும் என்று மருமகனிடம் கேட்டேன். அத்தகைய மணலில் இல்மனைற்று என்ற கனிமத்தோடு மொனசைற்று என்ற தோரியக் கனிமமும் சிறிதளவு கலந்திருந்தால், அதிலுள்ள தோரியத் தொடரின் தாலியம் 208 விடும் காமாக் கதிரையும் உணரி சேர்த்தே எண்ணும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் அதை யுரேனியம் என்றே எழுதிவிடுவார். பிசுமதின் கதிர் 1.76 மில்லியன் இலத்திரன் வோல்ற்றிலும் தாலியத்தின் கதிர் 2.61 இலும் வருவதால், சக்தி வாரியாகப் பிரித்து எண்ணும் கருவிக்கு மட்டுமே இரண்டும் வேறுவேறாகத் தெரியும் என்றான்.